பேரரசரா, பாப்பரசரா?

திபேரியுஸ் என்ற ரோமப் பேரரசர் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவர். அவருடைய வெள்ளிக் காசின் பின்புறத்தில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருப்பாள். ஒரு கையில் நீண்ட கோல், இன்னொரு கையில் இலைக்கொத்து. அவளைச் சுற்றி லத்தீனில் இரண்டு சொற்கள்: ‘போன்டிஃப் மாக்ஸிம்’. தலைமைக் குரு என்று பொருள். ரோம அரசின் சமயச் சடங்குகளுக்கெல்லாம் தலைவர் வகித்த பதவி அது. அகஸ்டஸ் காலந்தொட்டுப் பேரரசரே அதை வைத்துக்கொண்டார்.

இந்தக் காசு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு கிடைத்த புதையலில் 500க்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக் காசுகள் இருந்தன. அவற்றில் பெரும்பங்கு திபேரியுசினுடையவை. மிளகுக்கும் முத்துக்கும் மணிக்கும் விலையாக வந்த வெள்ளியோடு அந்த இரண்டு சொற்களும் நம் மண்ணில் இறங்கிவிட்டன.

பேரரசர்கள் 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தப் பட்டத்தைக் கைவிட்டார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 15ஆம் நூற்றாண்டில், ரோமின் ஆயர்களான பாப்பரசர்கள் அதைத் தங்கள் பெயரோடு வழக்கமாகச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து பாப்புமார்களின் காசுகளிலும் பதக்கங்களிலும் ‘போன்ட் மாக்ஸ்’ அல்லது வெறுமனே ‘பி எம்’ என்ற சுருக்கம் நின்றுவிட்டது. பட்டம் ஒன்று, ஆள் வேறு, இடையில் ஆயிரம் ஆண்டு தூரம்.

மதுரைப் பக்கம் ஒரு பழைய வட்டத் தகடு கைக்கு வந்து, அதில் தேய்ந்த ஒரு முகமும் ‘போன்ட்’ என்ற நான்கு லத்தீன் எழுத்துகளும் மட்டும் தெரிந்தால், அது யாருடையது என்பது எளிதான கேள்வி அல்ல. பேரரசர் என்றாலும் பொருந்தும், பாப்பு என்றாலும் பொருந்தும். இரண்டு வகைக்கும் இந்த ஊரில் வரலாற்று நியாயம் உண்டு என்பதுதான் இந்த விசாரணையைச் சுவையானதாக்குகிறது. உருவத்தை முதலில் நம்பக் கூடாது என்பது என் கருத்து. எழுத்து, எடை, உலோகம், தொங்கவிடும் காது, கிடைத்த இடம் இவற்றைக் கேட்டு முடித்த பிறகே முகத்தைக் கேட்க வேண்டும். முகம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு நம்மிடமே ஒரு பெரிய சான்று இருக்கிறது. அதற்குப் போகுமுன் வைகையைப் பார்த்துவிடலாம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னிந்தியக் காசுகளைப் பற்றி எழுதிய டஃப்னெல் என்ற படை அதிகாரி, வைகை ஆற்று மணலில் கிடைத்த சின்னஞ்சிறு ரோமச் செப்புக் காசுகளைக் குறித்துவைத்தார். திருமங்கலத்தில் இருந்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த டிரேசி பாதிரியார் அதே காலத்தில் பாண்டியர் காசுகளைச் சேகரித்து எழுதினார். 1904இல் ராபர்ட் சீவெல் இந்தியாவில் கிடைத்த ரோமக் காசுகளை எல்லாம் தொகுத்தபோது, மதுரையின் செப்புக் காசுகள் அவரை யோசிக்க வைத்தன. பொன்னும் வெள்ளியும் உலோக மதிப்புக்காகக் கடல் தாண்டும். சில்லறைச் செம்பு எதற்காக வர வேண்டும்? ரோமரோ அவர்களோடு பழகியவர்களோ இங்கேயே தங்கிப் புழங்கியிருக்கலாம் என்று அவர் ஊகித்தார். அந்த ஊகம் பின்னால் பலமாக விவாதிக்கப்பட்டது. காசுகளின் இருப்பு மட்டும் மேலும் உறுதிப்பட்டது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக் காசுகளுக்கென்றே 1994இல் ஒரு நூல் வெளியிட்டார். வைகை கடலில் சேரும் பக்கத்தில் உள்ள அழகன்குளத்து அகழாய்விலும் ரோமக் காசுகள் கிடைத்திருக்கின்றன.

இந்தப் பிற்காலச் செப்புக் காசுகளில்தான் முதல் குழப்பம் தொடங்குகிறது. தியோடோசியுஸ், அர்காடியுஸ், ஹொனோரியுஸ் போன்ற 4, 5ஆம் நூற்றாண்டுப் பேரரசர்கள் கிறிஸ்தவர்கள். அவர்கள் காசில் சிலுவை வரும். கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் கிரேக்கக் கூட்டெழுத்தும் வரும். சிறகுள்ள வெற்றித் தேவதை ஒரு கைதியை இழுத்துச் செல்லும் காசு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைத்த வகைகளில் ஒன்று. அதன் ஓரத்தில் அந்தக் கூட்டெழுத்தைக் காணலாம். ‘சிலுவை இருக்கிறது, ஆகவே பாப்பு’ என்ற முடிவு இங்கே தவறிவிடும். மாறாக அளவைப் பாருங்கள். மிளகுக்கும் சுண்டைக்காய்க்கும் இடைப்பட்ட பருமன், ஒழுங்கற்ற விளிம்பு, நெற்றியில் முத்துப்பட்டை கட்டிய முகம் என்றால் அது பேரரசர். பாப்புமார் காசில் தலையை மூடியிருப்பது பெரும்பாலும் சிறு குல்லாயோ மூன்றடுக்கு மகுடமோதான். பலவற்றில் முகமே இராது.

இனி, உருவம் ஏமாற்றும் என்பதற்கான அந்தச் சான்று. ஐரோப்பாவின் வெனிஸ் குடியரசு 1284இல் ஒரு தங்கக் காசை அடிக்கத் தொடங்கியது. எடை சுமார் மூன்றரை கிராம். அன்றைய தொழில்நுட்பத்தால் எட்டக்கூடிய அளவுக்குத் தூய்மையான பொன். 1797இல் குடியரசு விழும்வரை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல், அதன் எடையும் மாற்றும் உருவமும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. முன்புறத்தில் இடது பக்கம் புனித மாற்கு நிற்கிறார். வலது பக்கம் வெனிஸின் தலைவர் மண்டியிட்டிருக்கிறார். நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கொடிக்கம்பம். மாற்கு கொடுக்கிறார், தலைவர் பற்றிக்கொள்கிறார். பின்புறத்தில் விண்மீன்கள் சூழ, பாதாம் பருப்பு வடிவ ஒளிவட்டத்துக்குள் கிறிஸ்து.

மிளகு வியாபாரத்தோடு எகிப்து, செங்கடல் வழியாக இந்தக் காசு தென்னாட்டுக்கு ஏராளமாக வந்தது. இங்கே அதைப் பார்த்தவர்களுக்கு மாற்கையும் தெரியாது, வெனிஸையும் தெரியாது. அவர்கள் கண்டது நேராக நிற்கும் ஒரு மரத்தை. முழங்காலை மடக்கி அதைக் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை. அது பனையேறி அல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? பனைத்தொழில் செய்த சமுதாயத்தின் அன்றைய பெயராலேயே அது ‘சாணார் காசு’ ஆயிற்று. அச்சமுதாயம் போராடி வென்றெடுத்த நாடார் என்ற பெயர் அரசுப் பதிவேடுகளில் ஏறியதற்கும் முந்தைய பெயர் இது; காசுச் சேகரிப்போர் பேச்சில் இன்னும் நிற்கிறது. கம்பத்தின் ஓரமாக மேலிருந்து கீழாக மூன்று லத்தீன் எழுத்துகள் அடுக்கியிருக்கும். தலைவர் என்பதைக் குறிக்கும் சொல் அது. லத்தீன் அறியாத கண்ணுக்கு அந்த அடுக்கு பனையில் மட்டை விழுந்த தழும்பாகத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

இதை அறியாமை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தெற்கே பனங்காட்டு நிலத்தில் வாழ்ந்தவர்கள் தங்கள் வாழ்வின் நடுத்தூணாக நின்ற மரத்தை ஒரு அந்நியத் தங்கத்தில் அடையாளம் கண்டார்கள். அதற்குப் பெயர் சூட்டித் தமதாக்கிக்கொண்டார்கள். மாலையாகக் கோத்துக் கழுத்தில் அணிந்தார்கள். மலையாளத்தில் இதே காசுக்கு ‘ஆமாட’ என்று பெயர். நகைப்பெட்டிக்கு ‘ஆமாடப்பெட்டி’ என்ற சொல்லே அதனால் வந்தது. மாற்று குறையாத பொன் என்ற நம்பிக்கை ஊன்றிய பிறகு, நம் ஊர்த் தட்டார்களே அதைப் பார்த்து அச்சு வெட்டினார்கள். அந்த உள்ளூர்ப் படிகளில் லத்தீன் எழுத்து கோடும் புள்ளியுமாகக் கரைந்திருக்கும். உருவம் மட்டும் பிழையில்லாமல் இருக்கும். எது அவர்களுக்கு அர்த்தம் தந்ததோ அது நிலைத்தது, தராதது கரைந்தது. ஆகவே எழுத்து வாசிக்க வராத சாணார் காசு என்றால் போலி என்று உதறிவிட வேண்டாம். அது இங்கேயே பிறந்த காசு.

பாப்புவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நெருங்கிய சம்பந்தம் உண்டு. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோம நகரின் செனட்டும் வெனிஸ் காசைப் பார்த்துத் தன் தங்கக் காசை அடித்தது. அதே கம்பம், அதே மண்டியிடல், பின்புறம் அதே ஒளிவட்டம். நிற்பவர் மட்டும் மாற்கு அல்ல, புனித பேதுரு. மண்டியிடுபவர் ரோமின் செனட்டர். சுற்றெழுத்தில் பேதுருவின் பெயரும், உலகின் தலைநகர் ரோம் என்ற பெருமிதமும் இருக்கும். பிந்திய காசுகளில் ஆளும் பாப்புவின் குடும்பச் சின்னம் சிறிதாக வந்து சேர்ந்தது. ஒரு சாணார் காசு மாலையில் நாற்பது காசு இருந்தால் நாற்பதையும் ஒன்றுபோலவே நாம் எண்ணுவோம். இடது ஓரத்து எழுத்து ‘எஸ்’, ‘எம்’ என்று தொடங்கினால் வெனிஸ். ‘எஸ்’ஸுக்கு அடுத்து ‘பி’ வந்தால் நிறுத்திக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரே எழுத்துதான் வித்தியாசம். ஆனால் ஒன்று கடல் வாணிகக் குடியரசின் காசு, மற்றது பாப்புமார்களின் நகரத்துக் காசு.

சரியான பாப்புக் காசை வாசிக்கப் பெரிய லத்தீன் புலமை தேவையில்லை. நான்கு செய்திகளைத் தேடினால் போதும். பெயரும் அதன் பின் வரும் ரோம எண்ணும் முதலாவது. ‘யூ’ என்ற எழுத்தை ‘வி’ என்றே வெட்டுவார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ‘பிவிஸ்’ என்பது பியுஸ், அதாவது பத்திநாதர், என்று விளங்கிவிடும். அடுத்து, ‘ஏ’, ‘என்’ என்ற சுருக்கமும் அதையொட்டி ஓர் எண்ணும். அது கிறிஸ்து ஆண்டல்ல, ஆட்சி ஆண்டு. நம் கல்வெட்டுகளில் ‘யாண்டு’ என்று வருவதைப் போன்றதுதான். கல்வெட்டு வாசித்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு கைவந்தது. ஒன்பதாம் பத்திநாதர் 1846 ஜூனில் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய 21ஆம் ஆட்சி ஆண்டு 1866 ஜூனில் தொடங்கும். ஒரு காசில் 1866 என்றும் 21 என்றும் சேர்ந்திருந்தால் அது அந்த ஆண்டின் பிற்பாதியில் அடித்தது என்று மாதக் கணக்கு வரை சொல்லிவிடலாம். மூன்றாவதாக, கீழே ‘ஆர்’ இருந்தால் ரோம் அச்சுச்சாலை, ‘பி’ இருந்தால் பொலோஞா.

நான்காவது செய்தி கேடயச் சின்னம். எழுத்து தேய்ந்த காசில் இதுதான் கை கொடுக்கும். பாப்புமார் ஒவ்வொருவரும் தம் குடும்பத்துக் கேடயத்தை மூன்றடுக்கு மகுடத்துக்கும் குறுக்குச் சாவிகளுக்கும் கீழே வைப்பார்கள். மூன்று தேனீக்கள் என்றால் எட்டாம் உர்பன், 1623 முதல் 1644 வரை. கழுகும் பறவைநாகமும் என்றால் ஐந்தாம் பவுல், 1605 முதல் 1621 வரை. ஒலிவக் கிளை கவ்விய புறா பத்தாம் இன்னசென்ட்டுக்கு உரியது. குறுக்குச் சாவிகளுக்கு மேல் மகுடம் இல்லாமல் பாதி விரிந்த ஒரு குடை இருந்தால், ஒரு பாப்பு இறந்து அடுத்தவர் தேர்வாகாத இடைக்காலத்தில் அடித்த காசு அது. சித்திரைத் திருவிழா பார்த்து வளர்ந்த மதுரைக் கண்ணுக்கு அது சாமிக் குடையாகவே தெரியும். சாணார் காசில் நேர்ந்தது போன்ற பிழை இங்கே நேராது. அது உண்மையிலேயே குடைதான். அங்கும் அது மரியாதையின் அடையாளம்தான்.

தேனீயும் கழுகும் ஆண்ட அந்த ஆண்டுகள் மதுரைக்கு அந்நியமானவை அல்ல. இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1606இல் இங்கு வந்து, காவியும் குடுமியும் பூணூலுமாக வாழ்ந்து, தமிழில் எழுதி, தம்மவர்களாலேயே குற்றம் சாட்டப்பட்டார். வழக்கு ரோம் வரை போயிற்று. பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை அனுமதித்து 1623 ஜனவரி 31 அன்று ஆணையிட்டவர் பதினைந்தாம் கிரகோரி. அவர் ஆட்சியே இரண்டரை ஆண்டுக்குள் முடிந்துவிட்டது. கேடயத்தில் சாய்வான பட்டைகள் கொண்ட அவருடைய காசு ஒன்றை எங்கேனும் பார்க்க நேர்ந்தால், மதுரையின் ஒரு சர்ச்சையைத் தீர்த்துவைத்த கையின் காசு அது என்று நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் வீடுகளில் இருப்பவற்றுள் பெரும்பாலானவை காசு அல்ல, பதக்கம் என்றே எதிர்பார்க்க வேண்டும். காரணம் எளிது. 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்ததோடு பாப்புவின் நாடு போயிற்று. நாட்டோடு காசடிக்கும் உரிமையும் போயிற்று. 1929இல் வத்திக்கான் நகர நாடு பிறந்த பிறகுதான் மறுபடி காசு வந்தது. இடைப்பட்ட 59 ஆண்டுகளில் பதின்மூன்றாம் சிங்கராயர், பத்தாம் பத்திநாதர், பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் ஆகியோரின் முகம் தாங்கி வந்த எதுவும் புழக்கக் காசாக இருக்க முடியாது. மதுரைச் சமவெளியில் கோயில்களும் பள்ளிகளும் பெருகி, ஐரோப்பாவிலிருந்து குருக்களும் கன்னியரும் செபமாலையோடும் பதக்கங்களோடும் வந்த காலமும் அதுதான். முகமதிப்பு பொறித்திருக்கிறதா, மேலே கொக்கி மாட்டும் காது இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளே பாதி வழக்கைத் தீர்த்துவிடும். ஒரு எச்சரிக்கை: 18ஆம் நூற்றாண்டு வரை பல பாப்புக் காசுகளில் மதிப்பு எழுதப்படுவதில்லை. அங்கே தராசுதான் நீதிபதி. காசு குறிப்பிட்ட எடைக்குக் கட்டுப்பட்டது. பதக்கம் கட்டுப்படாது; அது கனத்தும், உருவம் மேடாக எழும்பியும் இருக்கும்.

பதக்கத்தில் பாப்புவின் பெயர் இருப்பதால் அது அவர் காலத்தது என்றும் ஆகிவிடாது. இறந்துபோன பழைய பாப்புமார்களுக்குப் பிற்காலத்தில் புதிதாக அச்சு வெட்டிப் பதக்கம் அடித்தார்கள். பழைய அச்சுகளைப் பாதுகாத்து மீண்டும் மீண்டும் அடித்தார்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பாப்புமார்களுக்குப் பதக்கம் வெட்டிய ஹமெரானி குடும்பத்தினர் தோள் வெட்டுக்குக் கீழே தங்கள் பெயரைப் பொறிப்பார்கள். அந்தக் கையெழுத்து முகத்தைவிட நல்ல சாட்சி. ஆண்டு எண்ணும் ஏமாற்றும். ‘எம்’ எழுத்தின் மேல் சிலுவையும் கீழே இரண்டு இருதயங்களும் உள்ள நீள்வட்ட அற்புதப் பதக்கத்தில் 1830 என்றிருக்கும். அது பாரிசில் மரியாளின் காட்சி கிடைத்ததாகச் சொல்லப்படும் ஆண்டு. முதல் பதக்கம் அடித்ததே 1832இல்தான். நேற்று அடித்த பதக்கத்திலும் 1830 என்றுதான் இருக்கும். சாம்பல் நிறத்தில் காற்றைப் போல் இலேசாக இருந்தால் அலுமினியம். அந்த உலோகம் மலிவானது 1880களின் இறுதிக்குப் பிறகு.

புனிதர்களின் அடைமொழி நல்ல கடிகாரம். இஞ்ஞாசியாரும் சவேரியாரும் 1622 மார்ச் 12 அன்று, இன்னும் மூவரோடு, புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். ஐவரும் சேர்ந்த பதக்கம் என்றால் அந்த நிகழ்வின் நினைவு. மறவர் நாட்டு ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோ 1853இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947 ஜூன் 22 அன்று புனிதராகவும் உயர்த்தப்பட்டார். அவர் பெயருக்கு முன்னால் ‘பி’ என்ற எழுத்து இருந்தால் பதக்கம் அந்த 94 ஆண்டு இடைவெளிக்குள் அடங்கும். ‘எஸ்’ இருந்தால் இந்திய விடுதலைக்கு இரண்டு மாதம் முன்போ அதற்குப் பிறகோதான். தமிழ் எழுத்தில், புனிதர் என்பதற்கான பழைய சுருக்கமாக, ‘அர்ச்.’ என்றிருந்தாலும் இதே கணக்குதான். நம் மண்ணில் உயிர்விட்ட ஒருவரின் பெயரால் காலம் கணிக்க முடிகிறதே என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

சேதத்தையும் வாசிக்க வேண்டும். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 ரோமத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளி வெட்டு இருந்தது. புழக்கத்திலிருந்து நீக்கி வெறும் பொன்னாக்கிய அடையாளம் அது என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். காசில் துளை இருந்தால் அது கழுத்துக்குப் போன காசு. துளை தலைக்கு மேலே சரியாக விழுந்திருந்தால் போட்டவர் முகத்தை மதித்தவர். மூக்கின் நடுவே விழுந்திருந்தால் அவருக்கு உலோகம் போதும். பற்றவைத்த காது பிற்காலத்தில் சேர்ந்ததா, கூடவே அடிக்கப்பட்டதா என்பதைத் தெற்காவணி மூல வீதியில் ஒரு வயதான பத்தர் உருப்பெருக்கியில் ஒரு முறை பார்த்துச் சொல்லிவிடுவார். விளிம்பைச் சுற்றி மயிரிழைக் கோடு ஓடி, எழுத்தின் ஓரம் சோப்பு போல் மழுங்கியிருந்தால் அது அடித்ததல்ல, வார்த்தது.

இத்தனை சாட்சிகளையும் ஒரே இரவில் அழிக்க வல்லது புளி. செம்பும் பித்தளையும் துலக்கிப் பழகிய நம் கை பழங்காசைக் கண்டதும் புளியையோ எலுமிச்சையையோ தேடுகிறது. களிம்போடு மேல் தோலும், தோலோடு எழுத்தும் போய்விடும். பளபளக்கும் தகடு கையில் இருக்கும், பெயர் இராது. மண் ஒட்டியிருந்தால் மென்மையான துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் விழும் மாலை வெயிலில் வைத்துத் திருப்பினால் கண்ணுக்கு மறைந்த எழுத்தும் நிழல் கட்டி எழும். மெல்லிய தாளைப் போர்த்திப் பென்சிலால் இலேசாகத் தேய்த்தால் படி கிடைக்கும். தட்டார் தராசில் நூறில் ஒரு பங்கு கிராம் வரை எடையைக் குறித்துக்கொள்ளலாம்.

மண்ணுக்கடியில் கிடைத்த மதிப்புள்ள பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்டதானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. மதுரையில் காந்தி நினைவு அருங்காட்சியக வளாகத்திலேயே அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. போய்க் காட்டுவதில் சிரமமில்லை. வைகை மணலிலிருந்து வந்த செப்புக் காசுகள் எத்தனையோ இடம் குறிக்கப்படாமலே கை மாறிவிட்டன. அவற்றை வைத்து சீவெல் கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொல்ல முடியாது. ஆகவே தகட்டை ஒரு காகித உறையில் போட்டு, பேனாவை எடுத்து, காசு யாருடையது என்பதை எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, முதலில் இவற்றை எழுதுங்கள்: எந்த ஊர், ஆறா கிணறா வீட்டு அடித்தளமா, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் வேறு என்ன கிடந்தது, எந்தத் தேதி.